"டீ மட்டும்தான் குடிச்சேன்": மலையில் சுகரைப் பற்றி என்ன தெரியும், என்ன தெரியாது

கோத்தகிரி பக்கத்து ஊர் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழு நவம்பர் 14 அன்று சர்க்கரை நோய் விழிப்புணர்வு முகாம் நடத்தப் போகிறதாம். கேள்வி கேட்டவர் அந்தக் குழுவில் ஒருவர். "எங்கள் ஊரில் சுகரைத் தெரியாதவர் யாருமில்லை. வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. அப்புறம் எதைப் பற்றி விழிப்புணர்வு? மைக்கைப் பிடித்து என்ன சொல்வது?" என்று கேட்கிறார். கூடவே ஊர்ப்பேச்சு சிலவற்றையும் எழுதி, இதில் எது நிஜம் என்கிறார்: கேரட் ஆகாது, மலைத்தேன் ஆகும், ராகி தின்றால் சுகர் வராது, மேடு ஏறி இறங்குகிறவரை சுகர் அண்டாது, மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்.

நான் டாக்டர் இல்லை. ரத்தம் எடுத்து, சோதித்து, எண்ணை எழுதிக் கொடுக்கிற லேப் டெக்னீசியன். குன்னூரிலும் கோத்தகிரியிலுமாக 26 வருடம். (மலையில் ஊசியைக் கையில் பிடித்த பெண் எவரானாலும் சிஸ்டர்தான். என்னையும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.) டாக்டர் அறையில் வாயைத் திறக்காதவர்கள்கூட, கையில் ரப்பர் கட்டியதும் ஊர்க்கதை எல்லாம் பேசிவிடுவார்கள். ஊசியைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வழி. அப்படிக் கேட்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சுகர் என்ற பேர் தெரியாதவர் இல்லை என்பது சரி. பேர் தெரிந்ததாலேயே விஷயமும் தெரியும் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள், அங்கேதான் இடிக்கிறது.

காலை ஏழரை மணி இருக்கும். முதல் பஸ்ஸில் இறங்கி, தலையில் மஃப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை என்று ஒரு அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"வெறும் வயிறாம்மா?"

"ஆமா சிஸ்டர், ஒண்ணுமே சாப்பிடல."

ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டி நரம்பு தேடிக்கொண்டே அடுத்ததைக் கேட்பேன். "டீ?"

"டீ மட்டும்தான் குடிச்சேன்."

"சக்கரை போட்டா?"

"சக்கரை இல்லாம டீயை எப்படி சிஸ்டர் குடிக்கிறது?"

இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். தேயிலை விளைகிற ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. விடிந்ததும் முகம் கழுவுவது மாதிரி அதுவும் ஒன்று. ஆனால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம், அதோடு பால் வேறு. வெறும் வயிற்றில் 115 காட்டவேண்டிய ரத்தம் 150 காட்டலாம். அந்த எண்ணைப் பார்த்து மாத்திரை கூடலாம். வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கியிருக்கக் கூடாது. இந்த ஒரு வரியைச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தாலும் யாரும் படிப்பதில்லை, வாயால்தான் சொல்லவேண்டும்.

இதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்களும் உண்டு. நாளை டெஸ்ட் என்றால் இன்றைக்கு மட்டும் பத்தியம். ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சியோடு படுத்துவிட்டு, காலையில் 108 என்று வந்ததும் பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு சிரிப்பு. அன்று மதியமே பேக்கரியில் பார்க்கலாம்.

இந்த மலைக்கென்று தனியாக நடந்த கணக்கெடுப்பை வைத்து நான் பேசவில்லை. ஆனால் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு ஆய்வு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையின் மோகன் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய இந்தியாப் என்கிற பெரிய ஆய்வின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. சர்க்கரை நோய் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவர்களே மொத்தத்தில் 43.2 சதவீதம்தான். நகரத்தில் 58.4, கிராமத்தில் 36.8. நோயைப் பற்றிய அறிவுக்கு 100-க்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணும் போட்டார்கள். தமிழ்நாடு 31.7 வாங்கியது. அதுதான் முதல் மார்க்! ஜார்க்கண்ட் 16.3. சரி, நாம் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது மகாராஷ்டிரம் 70.1, தமிழ்நாடு 56.5. நான்கில் கடைசி. பொதுவாக ஊருக்குத் தெரிந்திருக்கிறது, நோயோடு வாழ்கிறவருக்கு அதற்கேற்ற அளவு தெரியவில்லை. 2014-இல் வெளிவந்த கட்டுரை, தகவல் அதற்கும் முந்தியது. ஆனாலும் என் பெஞ்சில் உட்கார்ந்தவர்களோடு அது ஒத்துப்போனது.

அதே ஆய்வு நாடு முழுவதும் முடிந்து 2023-இல் வந்த கணக்கில், இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். "வீட்டுக்கு ஒருவர்" என்று நீங்கள் எழுதியது அப்படியொன்றும் மிகை இல்லை.

இன்னொன்று. "நீரிழிவு இருக்கா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்பார்கள். "சுகர் இருக்கா?" என்றால் "பத்து வருசமா இருக்கு". பேனரில் நீரிழிவு என்று போட்டுவிட்டு, கூட்டம் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். ஹட்டி, அதாவது படுகர் ஊர் என்றால் அவர்கள் மொழியான படுகிலேயே பேசுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் பணியர் பேச்சும் தெரிந்த ஒருவர் கூட இருப்பது எந்தப் போஸ்டரைவிடவும் உதவும்.

இனி மலைக்கே உரிய விஷயம். என்னைக் கேட்டால் முகாமில் நேரம் குறைவென்றால் இது ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்: இங்கே சுகரின் ஒவ்வொரு அறிகுறிக்கும் பழியைக் குளிர் ஏற்றுக்கொள்கிறது.

அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், உடம்பு மெலிவது, கால் மரத்துப்போவது என்று எல்லாச் சுவரொட்டியிலும் இருக்கும். சமவெளியில் எழுதப்பட்ட சுவரொட்டி அது. மதுரையில் ஒருவர் ராத்திரி மூன்று தடவை எழுந்தால் என்னமோ ஏதோ என்று தோன்றும். ஊட்டியில் எழுந்தால்? "குளிருக்குத்தான்." அது முழுப் பொய்யும் இல்லை. குளிரில் தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்கும்போது, நீர் அதிகமாகிவிட்டதென்று எண்ணிச் சிறுநீரகம் வெளியே தள்ளும். அதனால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் பனிக்காலத்தில் ஒன்றிரண்டு தடவை கூடத்தான் செய்யும். அந்த உண்மைக்குப் பின்னால் சுகர் வருடக்கணக்கில் ஒளிந்துகொள்கிறது.

தாகம்? தொண்டை வறண்டால் இங்கே தண்ணீர் எடுத்துக் குடிப்பவர் யார்? இன்னொரு டீ. அதிலும் சர்க்கரை. மெலிவது? ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் உள்ளே எட்டு கிலோ குறைந்தாலும் பக்கத்தில் படுப்பவருக்கே தெரியாது. தோல் வறண்டு அரித்தால் பனி வெடிப்பு. அசதி என்றால் மேடு ஏறியது. கால் மரத்தால் "விறைச்சிருக்கு". எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு காரணம் தயாராக இருக்கிறது.

பிரித்துப் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. சீசன் மாதமான ஏப்ரல், மே மாதத்திலும் ராத்திரி அதே மூன்று தடவை எழுந்தீர்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அது குளிர் இல்லை. அதையும் நம்பி இருக்கவேண்டாம். பெரியவர்களுக்கு வருகிற வகை பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும். 30 வயதைத் தாண்டியவர் அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் சோதித்துக்கொள்ளவேண்டியதுதான்.

கால் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எஸ்டேட் கேட்டில் ராத்திரி காவலுக்கு இருந்த ஒருவர். எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, கரி போட்டு, அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் காலை நீட்டிக்கொள்வார். இருமலுக்கு டாக்டரிடம் வந்தவரை ரத்தச் சோதனைக்கு அனுப்பினார்கள். நொண்டி நடந்தார். என்ன என்று கேட்டதற்கு, "போன வாரம் சாக்ஸ் கருகுற வாடை வந்துச்சு சிஸ்டர். யாரோ எதையோ எரிக்கறாங்கன்னு நெனச்சேன். குனிஞ்சு பார்த்தா என் காலு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சூடு தெரியவே இல்லையாம். சாக்ஸைக் கழற்றச் சொன்னால் பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று அவர் எண் 340. அதுவரை அவருக்குச் சுகர் இருப்பதே தெரியாது. கால் இரண்டு வருடமாக மரத்திருந்தது, அது குளிரினால் என்றுதான் அவரும் அவர் வீட்டுக்காரம்மாவும் நினைத்திருந்தார்கள்.

சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் நரம்பின் நுனிகள் கெடும். நீளமான நரம்பு முதலில் போகும், அதனால்தான் பாதத்தில் ஆரம்பிக்கிறது. வலி போய்விட்டால் காயம் பட்டது தெரியாது, தெரியாத காயத்துக்கு யாரும் மருந்து போடுவதில்லை. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அது ஆறுவதும் இல்லை. மலையில் இதற்கு வாய்ப்பு அதிகம்: கணப்பு, ஹாட் வாட்டர் பேக், வெந்நீர் பக்கெட், கம்பூட்டுக்குள் விழுந்த கல், மழைக்காலத்தில் அட்டை. அட்டை கடித்தது சாதாரணமாகவே தெரியாது. மரத்த காலில் கேட்கவே வேண்டாம்.

சுகர் உள்ளவர் காலைக் கணப்பில் காட்டக் கூடாது, கம்பளி சாக்ஸ் போதும். வெந்நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாதத்தை வைக்கவேண்டும். கம்பூட்டைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டவேண்டும். ராத்திரி படுக்குமுன் லைட் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்வார்கள். டாக்டரிடம் போகும்போது காலைக் காட்டுங்கள். நைலான் இழை ஒன்றை 10 கிராம் அழுத்தத்தில் பாதத்தில் குத்தி, உணர்வு இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பத்து வருடம் சுகர் இருந்தும் ஒரு தடவைகூடச் செருப்பைக் கழற்றிக் காட்டாதவர்கள் ஏராளம். டாக்டர்கள் கேட்பதில்லை, இவர்கள் காட்டுவதில்லை.

குளிர் மறைக்கிற இன்னொன்று தாழ்சர்க்கரை. மாத்திரையில் சில வகை, குறிப்பாகக் கிளைமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும் இன்சுலினும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை மிகவும் கீழே இறக்கிவிடும். காலையில் மாத்திரை போட்டு, ஒரு டீயோடு தோட்டத்தில் இறங்கி, எடை போடும் நேரம்வரை கொழுந்து பறித்தால் என்ன ஆகும்? 70-க்குக் கீழே போனதும் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், கோபம் வரும். நடுக்கத்தைக் குளிர் என்பார்கள். ஆணாக இருந்தால் காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று ஒதுக்கிவிடுவார்கள். இது நிஜமாகவே நடக்கிறது. அடையாளம் சுலபம்: குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்க்காது. நெற்றி நனைந்து நடுங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கவேண்டும். 15 நிமிடம் பார்த்துவிட்டுச் சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு, தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடவேண்டியதுதான். "சுகர் பேஷண்டுக்கே சக்கரையா?" என்று தயங்கி நிற்கிற கூட்டத்துக்கு இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட ஊர்ப்பேச்சு.

கேரட். மண்ணுக்குக் கீழே விளைவது எதுவும் ஆகாது என்று யாரோ ஒரு வாக்கியம் சொல்லிவைத்தார்கள், மலை மேலும் ஏறிவிட்டது. 100 கிராம் கேரட்டில் சர்க்கரையும் மாவும் சேர்ந்து 10 கிராமுக்குள்தான். தாராளமாகச் சாப்பிடலாம். தன் தோட்டத்துக் கேரட்டை மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிட்டு, "எனக்கு ஆகாது" என்று சோற்றையும் ஊறுகாயையும் மட்டும் சாப்பிடுகிற விவசாயியைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பீட்ரூட், டர்னிப், முள்ளங்கிக்கும் இதே பதில். உருளைக்கிழங்கு மட்டும் வேறு, அது காயில் சேர்த்தி இல்லை, சோறு மாதிரி. சாப்பிடக் கூடாதென்று இல்லை, சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு என்றால் சோற்றுக்குச் சோறு தொட்டுக்கொள்கிறீர்கள்.

தேன். மலைத்தேனாகவே இருக்கட்டும், குறும்பர்கள் பாறையில் இறங்கி எடுத்ததாகவே இருக்கட்டும், 100 கிராமில் 80 கிராம் சர்க்கரைதான். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் அதே குடும்பம். ரத்தத்துக்கு நிறம் தெரியாது.

ராகி. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு பழைய கதை சொல்லாமல் இருக்க முடியாது. இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது குன்னூரில். 1918-இல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரு அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்கிற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். தீட்டிய வெள்ளை அரிசியை நம்பி வாழ்கிறவர்களுக்கு ஏன் அந்த நோய் வருகிறது என்பதில் தொடங்கிய வேலை, பிறகு இந்திய உணவுகள் எல்லாவற்றையும் அளந்து எழுதுகிற அளவுக்கு வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குக் குடிபோனது. அரிசியைத் தீட்டினால் என்ன போகிறது என்று ஆராய்ந்த மலை இது. அதே மலையில் ராகியும் சாமையும் போய் ரேஷன் அரிசி மூன்று வேளையும் வந்து உட்கார்ந்தது.

100 கிராம் ராகியில் நார்ச்சத்து 11 கிராம், அதே அளவு தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அந்த அளவில் ராகி மேல்தான். ஆனால் மாவுச்சத்து இரண்டிலும் பெரிய வித்தியாசமில்லை, ராகியில் ஏறக்குறைய 67, அரிசியில் 78. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அரிசியைப் போலவே சரசரவென்று ஏறும். களியாக, கீரையோடும் அவரையோடும், அளவாகச் சாப்பிட்டால் மெல்ல ஏறும். "ராகிதானே" என்று மூன்று உருண்டை போட்டுக்கொண்டு வந்து, 260 ஏன் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. 2023 முதல் நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் ராகி வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். வாங்குங்கள், மருந்து என்று நினைத்து அல்ல, சாப்பாடு என்று நினைத்து.

பாட்டி தாத்தாவுக்கு வரவில்லையே என்பார்கள். அவர்கள் தின்ற ராகியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அவர்கள் நடந்த நடையை மறந்துவிட்டார்கள். மேடு ஏறும்போது தொடைத் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, அது பெரிய உதவிதான். ஆனால் மேட்டில் வீடு இருந்தால் மட்டும் போதாது, ஏறவேண்டும். இப்போது ஹட்டி வாசல்வரை ஜீப் வருகிறது. ஏறி இறங்குகிறவருக்கும் சுகர் வரும், கொஞ்சம் தாமதமாக வரலாம், வந்த பிறகு கட்டுப்படுத்தவும் சுலபமாக இருக்கலாம்.

வர்க்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலேயே தெரிகிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான். மைதா, சர்க்கரை, வனஸ்பதி. சாயங்காலம் டீயில் நனைத்து இரண்டு என்று ஆரம்பித்தால் கவர் காலியாகும். விருந்தாளி வந்தால் ஒன்று, அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். டீக்கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கே அதிகபட்சம் என்று சொல்கிற அளவு கிட்டத்தட்ட அதுதான், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. டீயை நிறுத்தச் சொன்னால் மலையில் யாரும் கேட்கப்போவதில்லை. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். நானே அப்படித்தான் விட்டேன்.

மாத்திரையும் கிட்னியும். இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் பதில் பிடிபடும். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். கெட்ட பிறகு, மெட்ஃபார்மின் போன்ற மாத்திரையின் அளவை டாக்டர் குறைப்பார் அல்லது நிறுத்துவார், வேலை குறைந்த சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாது என்பதால். பார்க்கிற வீட்டார் என்ன நினைப்பார்கள்? "மாத்திரையாலதான் கெட்டுச்சு, அதான் டாக்டரே நிறுத்திட்டாரு." திருடன் ஓடிய பிறகு வந்த போலீஸைத் திருடன் என்று சொன்ன கதை. பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்தான் சீக்கிரம் டயாலிசிஸுக்குப் போகிறார். சர்க்கரை நார்மலாகிவிட்டதென்று தானாக நிறுத்துவதும் அப்படித்தான்: நார்மலாக இருப்பதே மாத்திரையால்.

2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை இறங்கி ஏறினால் அரைநாள் கூலி போகிற இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. ஆனால் மாத்திரை வருகிறதே என்று வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களும் இப்போது உருவாகியிருக்கிறார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது, சிறுநீரில் புரதம், மூன்று மாதச் சராசரி, இதற்கெல்லாம் வருடத்தில் ஓரிரு நாளாவது இறங்கித்தான் ஆகவேண்டும்.

அந்த மூன்று மாதச் சராசரிதான் எச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரையை அளப்பது. சிவப்பணு 120 நாள் உயிரோடு இருப்பதால், முந்தின நாள் பத்தியம் அதை ஏமாற்றாது. 6.5-ஓ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய், 5.7-இலிருந்து 6.4 வரை வாசல்படி. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 என்பவை மற்ற எல்லைகள்.

ஆனால் நம் மலையில் இந்த டெஸ்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு, கூடலூர், பந்தலூர் பக்கத்தில் முகாம் நடத்துகிறவர்களுக்கு இது அவசியம். நீலகிரியின் ஆதிவாசி மக்களிடையே அரிவாள் செல் சோகை இருக்கிறது. அவர்களின் சிவப்பணு சீக்கிரமே அழிந்துவிடுவதால், சர்க்கரை ஒட்ட நேரமே இருக்காது. உண்மையில் 8 இருக்கவேண்டிய இடத்தில் 6 என்று காட்டி எல்லோரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கம், இல்லாததைக் கூட்டிக் காட்டலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்று நேரடியாக ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பதே சரி.

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, பிழை என்று காட்டும். ஜனவரி விடியற்காலையில் நம் வீட்டு அலமாரி அதைவிடக் குளிராக இருக்கும். மீட்டர் கெட்டுவிட்டதென்று மாற்றக் கொண்டுவந்தவர்களிடம், கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள் என்பேன். கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளவேண்டும், விறைத்த விரலில் ரத்தம் வராது. இன்சுலினுக்குக் குளிர் நல்லது, ஆனால் உறைந்தால் போச்சு. தலைகுந்தா மாதிரி உறைபனி விழுகிற இடத்தில் ஜன்னல் ஓரத்திலோ வண்டியிலோ ராத்திரி விடக் கூடாது. பயந்துபோய் அடுப்பு மேடை மேல் வைப்பதும் தப்பு. அறைக்குள் ஒரு பெட்டியில் துணி சுற்றி வைத்தால் போதும். இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம் என்கிற பேச்சை மட்டும் முகாமில் யாராவது எடுத்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

ஒன்றை விட்டுவிடப் பார்த்தேன். நவம்பர் 14 இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கின் பிறந்தநாள், அதனால்தான் உலக நீரிழிவு நாள். நமக்கு அது குழந்தைகள் தினமும்கூட. முகாமுக்குத் தாய்மார்கள் பிள்ளைகளோடு வருவார்கள். படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால், ஒரு மாதத்தில் யூனிஃபார்ம் தொளதொளத்தால், இங்கேயும் "குளிர்" என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு வருகிற வகை, கவனிக்காமல் விட்டால் சில வாரங்களிலேயே உயிரை வாங்கிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது வந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும்.

முகாமை எப்படி நடத்துவது என்று கேட்டீர்கள். பேச்சாளர் வேண்டாம். கணப்பில் கால் சுட்டவர், நடுங்கி விழுந்தவர் என்று உங்கள் ஊரிலேயே ஒருவர் இருப்பார், அவரைப் பேசவிடுங்கள். எண்ணைச் சொல்லும்போது சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள், அதன் பக்கத்திலேயே கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார் என்றும் எழுதுங்கள். அது இல்லாத எண்ணை வைத்து டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. 126, 200 என்று நிற்பவர்களைக் கையில் சீட்டோடு மட்டும் அனுப்பிவிடாமல், எந்தக் கிழமை எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம், வருகிறவர்களுக்கு டீ கொடுக்காமல் இருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். கொடுங்கள். ஆனால் ரத்தம் எடுக்கிற மேஜையைத் தாண்டி, அடுத்த அறையில் வையுங்கள்.